புதிதாகக் குடியேறியோரின் வருமானம்: ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாக உயருகிறதா?

வடகாற்று எழுதியது:

கனடாவுக்கு அண்மையில் வந்து சேர்ந்தவர்களுக்கு, முன்னரே வந்தவர்கள் ஆறுதலாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. முதல் ஐந்து ஆண்டுகள் சிரமமாக இருக்கும், பத்தாவது ஆண்டளவில் காலூன்றிவிடலாம், அதன் பின்னர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமமாக உழைக்கலாம் என்பதே அது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்தக் கணக்கு எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆதாரங்களோடு பேசவேண்டும் என்பதற்காக இவ்விழையைத் தொடங்குகிறேன். இதை நம்பித்தான் பலர் வீட்டுக்கடன் எடுக்கிறார்கள், மேற்படிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள், பெற்றோரை எந்த ஆண்டில் அழைப்பது என்று தீர்மானிக்கிறார்கள்.

முதலில் சில எண்களை முன்வைக்கிறேன். 2018இல் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம் (எல்லாரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது), அதற்கு அடுத்த ஆண்டில் 31,900 டொலராக இருந்தது என்று கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்டது. அதே ஆண்டில் கனடிய மக்கள் அனைவருக்குமான இடைநிலை ஊதியம் 38,800 டொலர். இடைவெளி ஏறத்தாழ 18 சதவீதம். முந்தைய ஆண்டுகளில் வந்தவர்களுடைய தொடக்க ஊதியத்தோடு ஒப்பிடும்போது இது மிக நல்ல தொடக்கம் என்பதையும் அந்தத் திணைக்களமே குறிப்பிட்டது.

ஆனால் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. வந்து ஐந்து ஆண்டுகள் நிறையாதவர்களில் குறைந்த வருமானத்தில் வாழ்ந்தோரின் பங்கு 1980இல் 24.6 சதவீதம், 1990இல் 31.3 சதவீதம், 2000இல் 35.8 சதவீதம். அதே இருபது ஆண்டுகளில் கனடாவில் பிறந்தவர்களிடையே அந்தப் பங்கு 17.2 சதவீதத்திலிருந்து 14.3 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, நாடு முழுவதும் நிலைமை சீரடைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக வந்தவர்களின் நிலைமை மட்டும் மோசமடைந்தது. ஒவ்வொரு காலத்தில் வந்தவருக்கும் தொடக்கமே வேறு இடத்தில் அமையும்போது, பத்து ஆண்டுகள் என்ற கணக்கை யாருடைய அனுபவத்திலிருந்து எடுத்தோம்? ஆய்வுகளைப் படித்தவர்களும், வரிப் பத்திரங்களோடு பழகியவர்களும், புதிதாக வந்தவர்களும் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


ஆய்வுமேசை எழுதியது:

நண்பர் வடகாற்றின் கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து பதில் எழுதுகிறேன். அந்தக் கணக்குக்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு, அது தொடங்கியதும் இங்கேதான். பொருளியலாளர் பாரி சிஸ்விக் 1978இல் வெளியிட்ட ஆய்வில், 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பயன்படுத்தி, வெளிநாட்டில் பிறந்த ஆண்கள் தொடக்கத்தில் உள்நாட்டில் பிறந்தவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தாலும், 10 முதல் 15 ஆண்டுகளில் அவர்களை எட்டிப்பிடித்து, பின்னர் முந்தியும் விடுகிறார்கள் என்று கண்டார். அந்த முடிவு பல நாடுகளின் கொள்கை வகுப்பாளர்களை ஈர்த்தது. இன்று நாம் உறவினர் வீடுகளில் கேட்கும் கணக்கும் ஏறக்குறைய அதே எண்தான்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1985இல், கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் போர்ஹாஸ் அந்த முறையின் அடிப்படையையே கேள்விக்குட்படுத்தினார். ஒரே ஒரு கணக்கெடுப்பில் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வந்தவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வந்தவரும் அருகருகே நிற்கிறார்கள். முன்னவருடைய வருமானம் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, பின்னவரும் பதினெட்டு ஆண்டுகளில் அங்கே போய்ச் சேருவார் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு தென்னந்தோப்பை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய மரங்கள் உயரமாக நிற்பதால் இளங்கன்றுகளும் அதே உயரத்துக்கு வளரும் என்று முடிவுசெய்வதைப் போன்றது இது. பழையவை நெட்டை இனமாகவும் புதியவை குட்டை இனமாகவும் இருக்கலாம், புதிய கன்றுகளுக்குக் கிடைக்கும் நீரும் வேறாக இருக்கலாம். 1970 கணக்கெடுப்பில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவராகப் பதிவானவர் 1950ஐ ஒட்டி வந்தவர். 1965இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டமே மாறியது. அதன் பின்னர் வந்தவர்கள் வேறு நாடுகளிலிருந்து, வேறு வழிகளில் வந்தவர்கள்.

போர்ஹாஸ் 1970, 1980 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளையும் இணைத்து, ஒரே காலத்தில் வந்த குழுவினரைப் பத்து ஆண்டுகள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார். அப்போது, வருமான வளர்ச்சி முன்னர் நினைத்த வேகத்தில் இல்லை என்பது தெரிந்தது. ஆகவே எண்களைப் பார்க்கும்போது, பல காலங்களில் வந்தவர்களை ஒரே ஆண்டில் எடுத்த படமா, ஒரே மனிதர்களை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்த பதிவா என்பதை முதலில் கேட்கவேண்டும். கனடா இதில் அதிர்ஷ்டசாலி நாடு. குடிவரவுப் பதிவுகளையும் 1982 முதலான வரிப் பதிவுகளையும் இணைத்து வைத்திருக்கும் தரவுத்தளம் அங்கே உண்டு, இத்தகைய வசதி பெரும்பாலான நாடுகளுக்கு இல்லை.


பனங்கூடல் எழுதியது:

ஆய்வுமேசை அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. இருந்தாலும் போர்ஹாஸின் முடிவைப் படித்துவிட்டு, பின்னர் வந்தவர்கள் திறமை குறைந்தவர்கள், ஆகவே குறைவாகச் சம்பாதித்தார்கள் என்று பேசுவோரைப் பல இடங்களில் கண்டிருப்பதால், கனடாவைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

கல்வி, மொழி, வயது போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்துக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. அதன் பின்னர் வந்தவர்களின் கல்வித் தகுதி படிப்படியாக உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. 1990களில் வந்தவர்களில் பட்டதாரிகளும் பொறியியலாளர்களும் முன்னெப்போதையும்விட அதிகம். கல்வி கூடிய அதே காலத்தில் தொடக்க வருமானம் ஏன் சரிந்தது என்பதை அப்துர்ரஹ்மான் அய்தெமிரும் மிகால் ஸ்கூடெருடும் 2005இல் ஆராய்ந்தார்கள். சரிவின் ஒரு பங்கு, மொழிப் பின்னணியும் பிறந்த நாடுகளும் மாறியதால் வந்தது. மிகப் பெரிய காரணங்களில் ஒன்று, வெளிநாட்டில் பெற்ற தொழில் அனுபவத்துக்குக் கனடியத் தொழிற்சந்தை கொடுத்த மதிப்புக் குறைந்ததாகும். அந்தக் குறைவும் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வந்தவர்களிடமே பெரிதும் காணப்பட்டது. கொழும்பிலோ சென்னையிலோ மணிலாவிலோ பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர், அந்த அனுபவம் இல்லாத ஒருவரைப் போலவே இங்கே நடத்தப்பட்டார். இதில் குறைந்துபோனது மனிதரின் திறமை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டேவிட் கிரீன், கிறிஸ்தோபர் வோர்ஸ்விக் ஆகியோர் காட்டியதுபோல, 1980களில் தொழிற்சந்தைக்குள் புதிதாக நுழைந்த அனைவருக்குமே, கனடாவில் பிறந்த இளைஞர்கள் உட்பட, தொடக்க ஊதியம் குறைந்தது. குடியேறியவர் நாற்பது வயதில் வந்தாலும் சந்தையின் கண்ணுக்குப் புதியவர்தான். ஆகவே அந்த அடி அவருக்கும் விழுந்தது. இருபது வயது இளைஞருக்கு அதிலிருந்து மீளக் காலம் இருக்கிறது, நாற்பது வயதில் குடும்பத்தோடு வந்தவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

நம்மவர்களின் கதையில் இன்னொரு காரணமும் உண்டு. 1983 இனக்கலவரத்துக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்த பெரும்பாலானோர் புள்ளி முறையில் வந்தவர்கள் அல்லர், அகதிக் கோரிக்கையாளர்களாக வந்தவர்கள். அகதிக் கோரிக்கையாளர் ஒவ்வொருவரும் நேரில் வாய்மொழியாக விசாரிக்கப்படவேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அது பெரும் நன்மை. அதே வேளையில் கோரிக்கைகள் தேங்கின. அவற்றை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபை 1989இல் தான் செயற்படத் தொடங்கியது. காத்திருந்த காலத்தில், 9 என்ற இலக்கத்தில் தொடங்கும் சமூகக் காப்புறுதி எண்ணோடு வேலை தேடுவது எப்படிப்பட்டது என்பது அதை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். தற்காலிகமாக இருப்பவர் என்பது அந்த ஓர் இலக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். உணவகச் சமையலறை, தொழிற்சாலை இரவு முறை, துப்புரவு ஆகியவற்றைத் தாண்டி யாரும் பயிற்சி கொடுத்து வளர்க்க முன்வரவில்லை. அந்த ஆண்டுகள் வெறும் காத்திருப்பு ஆண்டுகள் மட்டுமல்ல, தொழிலில் முன்னேறியிருக்கவேண்டிய ஆண்டுகளும் கூட.


புதியவள் எழுதியது:

வணக்கம். மேலே எழுதிய அண்ணாக்களின் கருத்துகளை முழுவதும் வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்தவள். கணவர் குடிசார் பொறியியலாளர். இங்கே வந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் படித்தால் வாடகை கட்ட முடியாது என்பதால், அவர் உரிமம் பெறுவதற்கான தேர்வுகளுக்குப் படிப்பது, நான் உழைப்பது என்று முடிவெடுத்தோம். ஏஜென்சி மூலம் ஒரு பொதி கட்டும் நிலையத்தில் வேலை செய்கிறேன். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை, நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

ஆனால் ஆய்வுகளில் வருபவர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்களே என்ற எண்ணம் வாசிக்கும்போது வந்தது. கணவருக்கு உரிமம் கிடைத்தால் அவருடைய வருமானம் மேலே போகும். என்னுடைய கோடு எப்படிப் போகும் என்பதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? பொதி கட்டும் வேலையில் முதல் ஆண்டுச் சம்பளமும் ஐந்தாம் ஆண்டுச் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான், சட்டப்படியான அடிப்படைச் சம்பளம் உயரும்போது மட்டும் எங்களுக்கும் உயரும் என்று உடன் வேலை செய்யும் அக்காமார் சொல்கிறார்கள்.


ஆய்வுமேசை எழுதியது:

தங்கை கேட்டது இந்தத் துறையின் மிக முக்கியமான கேள்விகளில் ஒன்று. உங்கள் வீட்டில் நடந்ததைப் பொருளியலாளர்கள் குடும்ப முதலீடு என்று அழைக்கிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பேக்கரும் டுவைன் பெஞ்சமினும் 1997இல் கனடியத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். குடியேறிய குடும்பங்களில் கணவன் திறனை வளர்த்துக்கொள்ளும் காலத்தில், மனைவி வளர்ச்சிக்கு இடமில்லாத வேலைகளில் கூடுதலாக உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள் என்ற கருத்துக்கு அவர்களின் முடிவுகள் இசைந்து வந்தன. கணவனின் வருமானம் ஆண்டுகளோடு ஏறுகிறது, மனைவியின் வருமானம் தட்டையாகவே கிடக்கிறது. பிரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் உள்ளிட்டோர் 2003இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு பார்த்தபோது, கணவன் மனைவி இருவரின் நிலையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே முன்னேறியது. ஆகவே இது எல்லா நாட்டுக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் எழுதிவைத்த விதி அன்று. ஆனால் உங்கள் அக்காமார் சொல்வது ஆய்வு கண்ட உண்மைதான்: பொதி கட்டும் வேலையில் ஆண்டுகள் கூடுவதால் மட்டும் ஊதியம் கூடாது. வருமானத்தை உயர்த்துவது நாட்டில் கழித்த ஆண்டுகள் என்று சொல்லும்போது, அந்த ஆண்டுகளில் ஒருவர் மொழியையும், தொடர்புகளையும், உள்ளூர்த் தொழில் அறிவையும் சேர்க்கிறார் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. அவற்றைச் சேர்க்க இடமளிக்காத வேலையில் அந்த அனுமானம் நிறைவேறுவதில்லை.

இன்னொரு சிக்கலையும் இங்கே எழுதிவிடுகிறேன். பின்தொடரும் தரவுகளிலும் கூட, திரும்பிப் போனவர்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். 1982க்கும் 2017க்கும் இடையில் கனடாவுக்கு வந்தவர்களைப் பற்றிக் கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 15 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருபது ஆண்டுகளுக்குள் நாட்டைவிட்டு வெளியேறுகிறார்கள், அவர்களில் பலர் மூன்றாம் ஆண்டுக்கும் ஏழாம் ஆண்டுக்கும் இடையில் போகிறார்கள். குறைவாகச் சம்பாதித்தவர்கள் போய்விட்டால், எஞ்சியவர்களின் சராசரி, யாருடைய சம்பளமும் உயராமலேயே உயர்ந்துவிடும். நன்றாகச் சம்பாதித்தவர்கள் வேறு நாட்டுக்குப் போனால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

அமெரிக்காவில் டேரன் லுபாட்ஸ்கி 2007இல், ஒரே மனிதர்களின் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளை ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்த்தார். முதல் இருபது ஆண்டுகளில் இடைவெளி 10 முதல் 15 சதவீதம் அளவுக்கு மட்டுமே குறைகிறது என்றும், கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பெறும் வழக்கமான மதிப்பீடுகளோடு ஒப்பிடும்போது இது ஏறக்குறையப் பாதி வேகம் என்றும் கண்டார். குறைந்த ஊதியம் பெற்றவர்கள் கூடுதலாக வெளியேறியது அந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான், காத்தரின் எரிக்சன் ஆகிய மூவரும் 2014இல், 1900 முதல் 1920 வரையிலான கணக்கெடுப்புகளில் ஒரே பெயர்களைத் தேடி இணைத்து, ஐரோப்பாவிலிருந்து அக்காலத்தில் அமெரிக்கா வந்தவர்களை ஆராய்ந்தபோதும் இதே வகைப் பாடம் கிடைத்தது. நியூயோர்க்கின் குடிவரவு நிலையமாக இருந்த எல்லிஸ் தீவில் கையில் ஒன்றுமில்லாமல் இறங்கி, ஒரு தலைமுறைக்குள் மேலே வந்தார்கள் என்று அமெரிக்கர்கள் பெருமையோடு சொல்லும் கதையில், எட்டிப்பிடித்த வேகமாகத் தோன்றியதில் பெரும்பங்கு, வந்தவர்களின் கலவை மாறியதாலும் சிலர் திரும்பிப் போனதாலும் வந்தது. சராசரிக் குடியேறி தொடக்கத்திலேயே பெரிதாகப் பின்தங்கியிருக்கவும் இல்லை, பின்னர் உள்நாட்டவரைவிட வேகமாக ஏறவும் இல்லை.


கணக்கர் எழுதியது:

வரிப் பத்திரங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவதாக, வந்த ஆண்டின் வருமானத்தை எதற்கும் அளவாக எடுக்கக் கூடாது. ஒக்டோபரில் வந்து இறங்கியவருக்கு அந்த ஆண்டின் பத்திரத்தில் இரண்டு மாத ஊதியம் கூட இருக்காது. அதை அடிப்படையாக வைத்து அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டால் வருமானம் பல மடங்கு உயர்ந்ததாகத் தோன்றும். புள்ளிவிபரத் திணைக்களம் அடுத்த முழு ஆண்டை எடுப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவதாக, ஊதியம் என்று அறிவிக்கப்படும் எண்ணில் சொந்தத் தொழில் வருமானம் சேர்வதில்லை. டாக்ஸி, பாரவூர்தி, சிறு கடை, வீட்டுத் திருத்த வேலை என்று சொந்தமாகத் தொழில் செய்வோர் குடியேறியவர்களிடையே கணிசமானவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பேசும்போது படம் முழுமையடையாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். எட்டிப்பிடிப்பது என்றால் என்ன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். இங்கே பிறந்த ஒருவர் 45,000 டொலரில் தொடங்குகிறார், ஆண்டுக்கு 2 சதவீதம் உயர்கிறது. குடியேறியவர் 30,000 டொலரில் தொடங்குகிறார், அவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம், மிக நல்ல வேகம், என்று வைத்துக்கொள்வோம். சரியாக 14 ஆண்டுகள் முடியும்போது இருவரும் 59,400 டொலர் அளவில் சந்திக்கிறார்கள். ஆய்வு அறிக்கையில் இது வெற்றியாகப் பதிவாகும். ஆனால் அந்த 14 ஆண்டுகளில் குடியேறியவர் பெற்ற மொத்தம் ஏறத்தாழ 5,88,000 டொலர், மற்றவர் பெற்றது ஏறத்தாழ 7,19,000 டொலர். வித்தியாசம் 1,30,000 டொலருக்கு மேல். வீட்டுக்கு முதலில் கட்டவேண்டிய பணமும், பிள்ளையின் படிப்புச் சேமிப்பும், ஓய்வுகாலச் சேமிப்பும் அந்தத் தொகைக்குள் தான் இருந்திருக்கும். ஊதியம் சமமான நாளில் அது திரும்பி வருவதில்லை.

ஓய்வூதியத்திலும் இது தொடர்கிறது. கனடிய ஓய்வூதியத் திட்டம் ஒருவர் செலுத்திய பங்களிப்பைப் பொறுத்தது என்பதால், குறைந்த ஊதிய ஆண்டுகள் அதில் பதிந்துவிடும். முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பின்னர் 40 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். 38 வயதில் வந்தவருக்கு 65 வயதில் 27 ஆண்டுகளே ஆகியிருக்கும், எனவே 40இல் 27 பங்கு என்ற கணக்கில்தான் கிடைக்கும். ஊதியத்தில் எட்டிப்பிடித்தவர் கூட முதுமையில் மீண்டும் பின்தங்குவதை என் மேசையில் பார்க்கிறேன். இதைச் சொல்லும்போது வயதானவர்களின் முகம் வாடிப்போகிறது, அதனால் இளையவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.


மாலர்ன்ஏரி எழுதியது:

சுவீடனில் வாழும் எனக்கும் இந்த விவாதம் நெருக்கமானது. இங்கே 1980களின் நடுப்பகுதியிலிருந்து அகதிகளை எந்த நகராட்சியில் குடியமர்த்துவது என்பதை அரசே தீர்மானித்து வந்தது. பின்னர் 1990களின் தொடக்கத்தில் கடுமையான பொருளாதார நெருக்கடி வந்தது. ஓலோஃப் ஓஸ்லுண்ட், டான்-ஊலோஃப் ரூத் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலையின்மை அதிகமான நேரத்தில், வேலையின்மை அதிகமான ஊரில் குடியமர்த்தப்பட்டவர்களின் வருமானம், குறைந்தது பத்து ஆண்டுகளுக்குப் பாதிக்கப்பட்டிருந்தது. அந்த ஊரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால், முயற்சி குறைந்தவர்கள் அங்கே சேர்ந்தார்கள் என்று யாரும் வாதிட முடியாது. எந்த ஆண்டில், எந்த ஊரில் இறங்கினோம் என்பது நம் கையில் இல்லாத ஒன்று, ஆயினும் அதன் விளைவு பத்து ஆண்டுகள் தொடர்கிறது.


வடகாற்று எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட விரிவாகவும் கவனமாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் நானே கொடுத்த 31,900 டொலர் என்ற எண்ணை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கவேண்டும்.

2018இல் வதிவிட உரிமை பெற்றவர்கள் எல்லாரும் 2018இல் விமானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லர். 2015 ஜனவரியில், தகுதியுள்ள தொழிலாளர்களைத் தேர்ந்தெடுக்கும் விரைவு நுழைவு (Express Entry) முறை வந்த பின்னர், ஏற்கெனவே மாணவராகவோ தற்காலிக வேலை அனுமதியிலோ கனடாவில் இருந்தவர்களைத் தேர்ந்தெடுப்பது மேலும் பெருகியது. அவர்கள் வதிவிட உரிமை பெறும் நாளில் கையில் கனடியப் படிப்பும் கனடிய அனுபவமும் இருக்கின்றன, எனவே முதல் ஆண்டு ஊதியம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் அவர்களுடைய உண்மையான முதல் ஆண்டுகள், அதாவது சர்வதேச மாணவராக உயர்ந்த கட்டணம் செலுத்திக்கொண்டு இரவில் கடைகளில் நின்ற ஆண்டுகள், இந்தக் கணக்குத் தொடங்குவதற்கு முன்னரே முடிந்துவிட்டன. 1995இல் வந்த ஒருவருக்குக் கடிகாரம் விமான நிலையத்திலிருந்து ஓடத் தொடங்கியது. இன்று பலருக்கு அது மூன்று நான்கு ஆண்டுகள் தாமதமாகவே ஓடத் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, நிலைமை முன்னேறிவிட்டது என்று அறிவிப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. முன்னேற்றம் ஓரளவு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த எண் முழுவதும் முன்னேற்றம் ஆகாது.

கனடிய அனுபவம் என்ற தடை எவ்வளவு கனமானது என்பதை அளந்த ஆய்வு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பிலிப் ஒரியோபௌலோஸ், ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைத் தயாரித்து, பெயர், படிப்பு, அனுபவம் ஆகியவற்றை மட்டும் மாற்றி, நிறுவனங்களுக்கு அனுப்பினார். 2011இல் வெளியான அந்த ஆய்வில், படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவையாக இருந்தபோதும், ஆங்கிலப் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர் கொண்டவற்றைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக நேர்காணல் அழைப்புகள் வந்தன. அனுபவமும் வெளிநாட்டில் பெற்றது என்றானபோது அழைப்புகள் மேலும் குறைந்தன. வேலையில் சேர்ந்த பின்னர் திறமையைக் காட்டலாம் என்று சொல்கிறோம். கதவைத் தட்டும் கட்டத்திலேயே இவ்வளவு இழப்பு இருக்கும்போது, பத்து ஆண்டு பொறுமை எதைச் சரிசெய்யும்?

இதைச் சரிசெய்யும் பொறுப்பு புதிதாக வந்தவருடைய தலையில் மட்டும் விழக்கூடாது. ஒன்ராறியோவில் பொறியியலாளர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு, 12 மாதக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கியது. பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரங்களில், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் கனடிய அனுபவத்தைக் கோரக்கூடாது என்ற ஒன்ராறியோச் சட்டமும் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வந்திருக்க வேண்டியவை. அப்போது வந்திருந்தால், இன்று ஓய்வூதிய வயதை நெருங்கும் ஒரு தலைமுறை தனது தொழிலை இழந்திருக்காது.


புதியவள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு நேரடியான கேள்வி கேட்கிறேன். ஒரு சிறிய நிதி நிறுவனத்தில் கணக்கு உதவியாளராகப் பகுதிநேர வேலை கிடைக்கும் போலிருக்கிறது. மணித்தியாலச் சம்பளம் இப்போது இரவு முறையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவு, மணித்தியாலங்களும் குறைவு. கணவரின் தேர்வுகள் முடியும்வரை பொதி கட்டும் வேலையிலேயே இருப்பதா, இப்போதே மாறுவதா?


பனங்கூடல் எழுதியது:

தங்கை, கணக்கர் அண்ணா போட்டுக் காட்டிய கணக்கை உங்கள் கேள்விக்கும் பயன்படுத்திப் பாருங்கள். இன்றைய மணித்தியாலச் சம்பளத்தில் ஓரிரு டொலர் குறைவு என்பது, உயரக்கூடிய கோட்டுக்கு மாறுவதற்கான விலை. பொதி கட்டும் கோடு உயராது என்று உங்கள் அக்காமாரே சொல்லிவிட்டார்கள். கடன் பிரிவில் வேலை செய்தவருக்குக் கணக்கு உதவியாளர் வேலை கீழிறக்கம்தான், அதை இனிப்பாகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் அதே துறைக்குள் இருக்கும் கீழிறக்கம் அது. அங்கே கிடைக்கும் பரிந்துரைக் கடிதமும், இங்குள்ள கணக்கியல் மென்பொருளில் பழகிய கையும், அடுத்த விண்ணப்பத்தில் பேசும்.

ஆனால் வாடகை ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி கட்டவேண்டியது. எனவே ஒரே நாளில் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பகுதிநேர வேலையை ஏற்றுக்கொண்டு, ஏஜென்சியிடம் வார இறுதி முறைகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள், வார இறுதிக்கு ஆள் கிடைப்பது அவர்களுக்குக் கடினம். அந்த நிதி நிறுவனத்திடம் சேருவதற்கு முன்னரே இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: எத்தனை மாதத்தில் முழுநேரமாக மாறும் வாய்ப்பு உண்டு, கடன் விண்ணப்பங்களைக் கையாளும் பிரிவில் பயிற்சி கிடைக்குமா. இரண்டுக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றாலும் சேரலாம், ஆனால் அப்போது வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த வங்கியின் அனுபவக் கடிதத்தில் உங்கள் பதவிப் பெயரோடு, நீங்கள் பரிசீலித்த கடன்களின் வகையையும் அளவையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். வெறும் பதவிப் பெயரை இங்குள்ளவர்களால் எடைபோட முடிவதில்லை. கணவரின் உரிமம் வரும்வரை உங்களுடையது காத்திருக்கவேண்டும் என்று எந்தத் தரவும் சொல்லவில்லை. கடிதத்துக்கு இன்றே எழுதுங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வரக் காலம் எடுக்கும்.